மழைக்கோட்டுச் சாட்சி

மாரிசெல்வி இப்படிப் பட்டென்று சம்மதிப்பாள் என்று ஜோஸ்பின் கனவிலும் நினைக்கவில்லை. மடியில் கிடந்த ஜீன்ஸின் நூல் பிசிறை வெட்டப் போனவள், பிசிறோடு சேர்த்து ஒரு தையலையும் வெட்டிவிட்டாள். தௌசீப் பாய் பார்த்திருந்தால் அன்று முழுக்கப் பாட்டுதான். நல்ல வேளை, பட்டறை முதலாளியான அந்த மனிதர் வாசலில் நின்று போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார்.

ஜோஸ்பின் கேட்டது என்னவோ ஒரே பேச்சுதான். சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"ஏளா மாரி, வார ஞாயித்துக்கெழம சபையில நான் சாட்சி சொல்லணும். நீயும் கூட வரணும்."

மாரிசெல்வி கத்தரியைக் கீழே வைத்தாள். ஜோஸ்பினை ஒரு பார்வை பார்த்தாள். "கண்டிப்பா வாரேங்க்கா. நான் வராம வேற யாரு வருவா?" என்றாள். அதோடு நிற்காமல் ஜோஸ்பினின் முழங்காலில் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு அடுத்த ஜீன்ஸை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அழுத்திய இடத்தில் சேலையில் நீலச்சாயம் ஒட்டியது. ஜீன்ஸ் வேலை பார்க்கிறவளின் விரல் எப்போதும் நீலம்தான், என்ன சோப்பு போட்டாலும் போகாது. ஜோஸ்பின் அந்தக் கறையைத் தட்டிவிடக்கூட இல்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மற்றவர்களுக்கு இதில் துள்ளிக் குதிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஜோஸ்பின் போகிற சபை, அறுபதடி ரோட்டில் பிளாஸ்டிக் டிரம் குடோனுக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போகிற ஒரு கூடம். வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே அழைப்பு ஞாயிறு வரும். அன்றைக்கு ஒவ்வொருவரும் ஆண்டவரை அறியாத ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது பாஸ்டர் ஸ்டெர்லினின் ஏற்பாடு. ஜோஸ்பினும் முயலாமல் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் பேச்சுக் கொடுத்திருக்கிறாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் ஆரம்பித்து அவள் மாஹிமில் இறங்கிப் போன பிறகும் வாயை மூட மறந்திருக்கிறாள். கீழ்வீட்டு மாரீஸ்வரியிடம் வேதவசனம் அச்சடித்த ஒரு கைப்பிரதியைக் கொடுத்தாள். மறுநாள் அது பஜ்ஜி எண்ணெயில் நனைந்து, நான்கு பஜ்ஜியோடு அவளிடமே திரும்பி வந்தது. ஒரு வருஷம் வேறு வழியில்லாமல் சுனாபட்டியிலிருந்து நாத்தனாரைக் கூட்டிப் போய் நிறுத்தினாள். நாத்தனார் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவள், அதெல்லாம் சேராது என்று சிரித்தே சொல்லிவிட்டார்கள்.

இத்தனை பேரைக் கேட்டவள் மாரிசெல்வியை மட்டும் கேட்டதில்லை. ஒரே சந்து, ஒரே பட்டறை, ஒரே குழம்பு இரண்டு வீட்டுக்கும். அப்படிப்பட்டவள் மாட்டேன் என்றுவிட்டால் மறுநாள் எந்த முகத்தோடு பக்கத்தில் உட்காருவது? சிரித்துப் பேசினாலும் நடுவே ஒன்று வந்து விழுந்துவிடும். போதாக்குறைக்குப் போன மழைக்காலத்தில் நடந்தது வேறு. அதற்குப் பிறகு கேட்டால் கைமாறு கேட்டது போல ஆகிவிடும் என்று ஜோஸ்பினுக்குக் கூச்சமாக இருந்தது.

நடந்தது இதுதான். மாரிசெல்வி தன் அம்மா இறந்ததற்காக ஊருக்குப் போயிருந்தாள். புருஷன் சுடலைக்கண்ணன் கம்பெனியில் வாட்ச்மேன், ராத்திரி வேலை. பிள்ளை சாதனா ஜோஸ்பின் வீட்டில் இருந்தது. பொழுது சாய்ந்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. வெளியே பார்த்தால் மழை ஊற்றி, சந்து முழுக்கச் சாக்கடையும் தண்ணீரும் ஒன்றாகிக் கிடந்தது. ஜோஸ்பின் முழங்காலில் நின்றாள். "இயேசப்பா" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. எழுந்து பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பட்டறையைப் பூட்டிக்கொண்டிருந்த தௌசீப் பாய் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் டெம்போவைக் கிளப்பினார். பிள்ளை பிழைத்தது. விடிந்து சுடலைக்கண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பிறகு ஜோஸ்பின் அதே டெம்போவில் சந்துக்குத் திரும்பினாள், மேலே பாயின் மழைக்கோட்டோடு.

அந்த மழைக்கோட்டைச் சந்து மறக்கவில்லை. மஸ்கட்டில் வெல்டராக இருக்கும் மிக்கேல்ராஜின் பெண்டாட்டி, விடியற்காலையில், பட்டறை பாயின் டெம்போவில், பாயின் கோட்டைப் போட்டுக்கொண்டு. பேசுகிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மாரீஸ்வரி கைப்பிரதியைக்கூட அவ்வளவு தூரம் கொண்டு போயிருக்க மாட்டாள், மழைக்கோட்டுப் பேச்சை இரும்புப் படி ஏற்றிச் சபைக்குள்ளேயே கொண்டு சேர்த்துவிட்டாள். யாரும் நேராகக் கேட்கவில்லை. பாட்டுப் புத்தகம் கொடுக்கும்போது சிலர் முகம் பார்க்காமல் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஜோஸ்பினும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது?

இந்த வருஷம் சாட்சி சொல்ல அவளைத் தேர்ந்தெடுத்தது சுனிதா. பெண்கள் கூட்டத்தை நடத்துகிறவள், நல்லவள், எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் அவளுக்கு. பிள்ளை பிழைத்ததையே சாட்சியாகச் சொல்லலாம், ஆனால் சுருக்கமாக இருக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். ஜெபித்தீர்கள், காய்ச்சல் விட்டது, ஆண்டவருக்கு மகிமை. டெம்போ, பாய், ஆஸ்பத்திரி எல்லாம் எதற்கு? கேட்கிறவர்கள் மனம் வேறு எங்காவது போகும். வேறு எங்கே போகும் என்பது இருவருக்கும் தெரியும். ஜோஸ்பினுக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து குக்கர் முன்னால் நின்று சொல்லிப் பார்க்கும்போதுதான், ஒவ்வொரு தடவையும் "காய்ச்சல் விட்டது" என்கிற இடத்தில் மீன்முள் மாதிரி ஏதோ நெருடியது.

இப்போது அந்த நெருடலெல்லாம் எங்கே போயிற்றோ! மாரிசெல்வி வருகிறாள். சுனிதாவுக்குப் போனில் சொன்னதும், கை கூப்பின படமும் பூ படமுமாகத் திரை நிறைய வந்து விழுந்தது. சனிக்கிழமை ஜோஸ்பின் சேலையை இஸ்திரி போட்டாள், போட்ட சேலையையே மறுபடியும் போட்டாள். மஸ்கட்டுக்குப் போன் செய்து, பேச வேண்டியதை விட்டுவிட்டு மாரிசெல்வி வருவதை மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை மாரிசெல்வி கதவைத் தட்டினாள். தீபாவளிக்கு எடுத்த சேலை, தலை நிறையப் பூ, நெற்றியில் பெரிய பொட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். பார்த்ததும் ஜோஸ்பினுக்குக் கண் கலங்கிவிட்டது. இருவரும் சந்திலிருந்து ரோட்டுக்கு வந்தார்கள். சபைப் பாட்டு ஸ்பீக்கரில் தூரத்திலேயே கேட்டது. ஜோஸ்பின் நடக்கவில்லை, ஓடாத குறை.

"கவர்ல என்னளா?"

"ஆதார் கார்டுக்கா. சாட்சின்னா அதக் கேக்காம விட மாட்டாவ. பஸ் ஆக்சிடெண்ட் கேஸ்ல சாட்சி சொல்லப் போனப்ப எங்க வீட்டுக்காரர்ட்டயும் கேட்டாவள்லா. இவுகதான் மறக்காம எடுத்துட்டுப் போன்னாவ." மாரிசெல்வி குரலைத் தாழ்த்தினாள். "நீ பயப்படாத. சபையில எவன் என்ன கேட்டாலும் நான் சொல்லுதேன். இத்தன நாள் கழிச்சு இப்பம் வெசாரிக்க வந்துட்டாவளாக்கும்."

ஜோஸ்பினுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவளுக்குச் சபை என்றால் ஆராதனை, சாட்சி என்றால் ஆண்டவர் செய்ததை எழுந்து சொல்வது. சின்ன வயதிலிருந்து அப்படியே பேசிப் பழகிய வாய். மாரிசெல்விக்கோ சபை என்றால் நாலு பேர் கூடி நியாயம் கேட்கிற இடம், சாட்சி என்றால் கூண்டு. மழைக்கோட்டுக்காக அக்காவை நிற்க வைத்து விசாரிக்கப் போகிறார்கள், நாம் போய்க் காப்பாற்ற வேண்டும் என்று பூ வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

இரும்புப் படி கண்ணுக்குத் தெரிந்தது. படியடியில் சுனிதா நின்று எட்டிப் பார்த்துக் கையாட்டினாள். இன்னும் நாலைந்து கடைதான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மாரிசெல்வி மேலே ஏறிவிடுவாள். உள்ளே வந்து பாட்டைக் கேட்டால் அவளுக்குப் பிடித்துப்போகலாம், யார் கண்டது? சொன்னால் இங்கேயே திரும்பிவிடுவாள். சுடலைக்கண்ணன் வேறு, மதம் மாற்றப் பார்த்தாயா என்று வந்து நிற்பான். ஒரே குழம்பு இரண்டு வீட்டுக்கும் என்பது இன்றோடு முடியும். ஜோஸ்பின் ஆசை ஆசையாகப் படியைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லப் போகிறவள் பொய்யில் ஆள் பிடித்துக்கொண்டு போவதா? கால் தானாக நின்றுவிட்டது.

இளநீர் வண்டி ஓரமாக அவளை இழுத்து நிறுத்திச் சொன்னாள். சபை என்பது கோயில்தான், விசாரணை ஒன்றும் கிடையாது, தான் அழைத்தது ஆராதனைக்கு, சரியாகச் சொல்லாதது தன் தப்பு, வர வேண்டாம் என்றால் இப்படியே திரும்பி இட்லி தின்னப் போகலாம், ஒன்றும் நினைக்க மாட்டேன். மாரிசெல்வி கவரைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள்.

"அப்பம் மழக்கோட்டுப் பேச்ச யாரும் வெசாரிக்கலியா?"

"இல்லளா."

"எப்பந்தான் வெசாரிப்பாவ?"

மாரிசெல்வி கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுனிதா நீட்டிய கையைக்கூடக் கவனிக்காமல், படியில் முன்னால் ஏறினாள்.

கூடம் நிறைந்திருந்தது. புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள், மாரிசெல்வியும் சேர்ந்து தனக்கே தட்டிக்கொண்டாள். டிரம் அடி ஒரு பக்கம் போக அவள் தாளம் இன்னொரு பக்கம் போனது. ஜோஸ்பினுக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. பாஸ்டர் ஸ்டெர்லின் மைக்கில் அழைத்தார்: ஜோஸ்பின் சிஸ்டர் இப்போது வந்து சாட்சி சொல்லுவார்.

ஜோஸ்பின் எழுவதற்குள் பக்கத்து நாற்காலி காலியாகிவிட்டது. மாரிசெல்வி நடுப்பாதையில் போய்க்கொண்டிருந்தாள். பாஸ்டர் திகைத்து, பிறகு முகம் மலர்ந்து, மைக்கை நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளாமல் கவரைப் பிரித்து ஆதாரை அவர் கையில் கொடுத்தாள். அவரும் என்ன ஏது என்று தெரியாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் அவள் மைக்கைப் பிடித்தாள்.

"எதுமேல கை வைக்கணும்?"

எதிரே மேஜையில் பாஸ்டரின் பெரிய வேதாகமம் விரித்தபடி இருந்தது. மாரிசெல்வி தன் உள்ளங்கையைச் சேலையில் ஒரு தடவை துடைத்துவிட்டு அதன்மேல் வைத்தாள்.

"எம் பேரு மாரிசெல்வி. வலிப்பு வந்த பிள்ளைக்கு ஆத்தா நான்தான். அன்னைக்கு நான் இங்க இல்ல. எம் பிள்ள சொன்னதச் சொல்லுதேன், ஆஸ்பத்திரியில நர்சம்மா எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னதச் சொல்லுதேன். இந்த அக்கா எம் பிள்ளயத் தோள்ல போட்டு முழங்கால் தண்ணியில நடந்துச்சு. தௌசீப் பாய் டெம்போ எடுத்தாவ. போற வழி பூரா எம் பிள்ள அக்கா சேலையில வாந்தி எடுத்துச்சு. அந்த நாத்தத்தோட விடியற வரைக்கும் அதே சேலையோட உக்காந்திருந்துச்சு. அலசிட்டு ஈரத்தோட நின்னதுக்குத்தான் பாய் கோட்டக் குடுத்தாவ. இதுதான் நடந்துச்சு. வேற யாராவது பாத்தவிய இருந்தா வந்து இதுமேல கை வச்சுச் சொல்லுங்க."

முன்வரிசையில் சுனிதா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து யாரோ ஒரு கிழவர் மெதுவாக "ஆமென்" என்றார். தப்பாக எதுவும் பேசிவிட்டோமோ என்பது போல மாரிசெல்வி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"யக்கா, வந்து மிச்சத்த நீ சொல்லு."

ஜோஸ்பின் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பயம் போய்ச் சந்தோஷம்தான் இருந்தது. குக்கர் முன்னால் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. மாரிசெல்வியின் கைச்சூடு இருந்த மைக்கை வாங்கி வாயருகே வைத்தாள்.

"அன்னைக்கு டெம்போவுல ஏறும்போது," என்று ஆரம்பித்தாள்.

கையை எடுக்கலாம் என்று மாரிசெல்விக்கு யாரும் சொல்லவில்லை. மின்விசிறிக் காற்றுக்குப் பக்கங்கள் புரளப் பார்த்தன. நீலம் ஏறிய அந்த ஐந்து விரலும் அவற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தன.