நடப்பவர்களுக்கான பச்சை

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன வாரம் ஒரு மருத்துவமனை வாசலில் சாலையைக் கடந்தேன். பாதி வழியிலேயே சிவப்பு விழுந்துவிட்டது. எந்தப் புண்ணியவான் இதற்கு நேரம் குறித்தான் என்று வந்த ஆத்திரத்தில், அந்த வேலை பார்க்கும் ஒருத்தியைக் கற்பனை செய்தேன்.

முதல் வரி: "போக்குவரத்துப் பொறியியல் படித்த அவள் ஒருநாள்..." (சீ, கல்லூரி விளம்பரம் மாதிரி இருக்கிறது. விடுங்கள்.)

2
அவள் அந்தப் படிப்பில் சேர்ந்தபோது சித்தப்பா கேட்டார்: "பஸ் ஓட்டவா நாலு வருஷம் படிக்கப் போற?"

வீடே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"ரோட்டுல யாரும் அடிபடக் கூடாதுன்னு படிக்கிறேன் சித்தப்பா."

பல்கலைக்கழகத்தில் நடைவேகம் அளக்கும் பயிற்சி; பச்சை எத்தனை நொடி எரிய வேண்டும் என்பதை அந்த வேகத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். மாணவர்களே வளாகச் சாலையில் குறுக்கே நடந்தார்கள், பேராசிரியர் ஸ்டாப்வாட்சை அமுக்கினார். அத்தனையும் இளவட்டக் கால்கள். (மூட்டுவலிக்காரர் ஒருவரைக்கூடவா கூப்பிடவில்லை? எனக்கும் அதுதான் வயிற்றெரிச்சல்.)

3
இப்போது அவளுக்கு சிக்னல் வடிவமைக்கும் அலுவலகத்தில் வேலை. அந்த மருத்துவமனை வாசல் விளக்கைச் சரிசெய்வது அவள் பொறுப்பு. நடப்பவர்களுக்கான பச்சையை நீட்டியிருந்தாள். மேலாளர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்வளவு நேரமா? கார் எல்லாம் தேங்கி நிக்கும்மா. இப்ப இருக்கறதே போதும்னு கையெழுத்துப் போடு."

"ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எப்படி சார் ஓடுவாங்க?"

"இப்ப இருக்கற நேரம் புத்தகத்துல போட்டிருக்கற நடைவேகத்துக்குச் சரிதானே? உன் வேலை நிரந்தரமாகறது என் கையில இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ."

4
இந்த இடத்தில் அவளுக்கு மூட்டு தேய்ந்த அப்பா ஒருவரைக் கொடுக்க நினைத்தேன். எழுதியும் பார்த்தேன்: "அப்பா தடியை ஊன்றி நடுரோட்டில்..."

அடித்துவிட்டேன். ஏன், அவள் அப்பாவாக இருந்தால்தான் உங்களுக்கு உறைக்குமா? யாரோ ஒருவர் என்றால் போதாதா?

5
ஒரு முடிவு: கையெழுத்துப் போடுகிறாள், வேலை நிலைக்கிறது. இன்னொன்று: மறுக்கிறாள், வேலை போகிறது. சித்தப்பா "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறார். அவள் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறான். எப்படி எழுதினாலும் அந்தப் பாழாய்ப்போன விளக்கு மாறமாட்டேன் என்கிறது!

அதனால் நான் முடிக்கப்போவதில்லை. பேனா இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. அங்கே, மருத்துவமனை வாசலில், யாரோ ஒரு பெரியவர் மருந்துப் பையோடு பாதிச் சாலை வந்திருக்கிறார். அவருக்குச் சிவப்பு விழுகிறது. உங்களுக்குப் பச்சை. ஆமாம், முதல் வரிசைக் காரில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான்.

ஹாரனிலிருந்து கையை எடுங்கள்.