கண்ணடிக்கும் விளக்கு

அந்தத் துணைமின் நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த விதியிலும் இல்லாத வழக்கம். மின்சாரம் போதவில்லை, உங்கள் லைனை நிறுத்துங்கள் என்று மேலிடத்திலிருந்து போன் வந்தால் ஆபரேட்டர் உடனே நிறுத்த மாட்டார். ஒருமுறை அணைத்து மறுகணமே போடுவார். சற்றுப் பொறுத்துத்தான் முழுதாக நிறுத்துவார். அதற்குள் லிஃப்டில் இருப்பவர்கள் இறங்கிக்கொள்வார்கள். கடைத்தெரு மாடியில் குடியிருந்த தையல்காரர், மனைவியின் மூக்குக் குழாயை ஆக்சிஜன் மெஷினிலிருந்து கழற்றிச் சிலிண்டரில் மாட்டிவிடுவார்.

அந்த அம்மாளுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மெஷின் ஓடும்வரை மூச்சு. மின்சாரம் போனால் அந்தச் சின்னச் சிலிண்டர்தான். ஆனாலும் வாய்க்குக் குறைவில்லை. உறவில்லாத ஆபரேட்டரைத் தம்பி என்றுதான் சொல்வாள்.

"ஏங்க, உங்க தம்பி கண்ணடிக்கிறாரு பாருங்க" என்பாள், விளக்கு ஒருமுறை மின்னியதும்.

"கட்டின பொண்டாட்டியைப் பாத்து ஒருத்தன் கண்ணடிக்கிறான், நான் ஓடி ஓடி வேலை செய்யிறேன். என் தலையெழுத்து" என்று தையல்காரர் குழாயை மாற்றுவார்.

மின் உற்பத்திக்கு எரிவாயு கொண்டுவரும் கப்பல்கள் தாமதமான கோடையில் மின்வெட்டு கூடியது. பழைய சுவிட்சு ஒன்று வெடித்து லைன்மேன் ஒருவரின் கை வெந்துபோனது. இனியும் இந்த ஓட்டைச் சாமான்களோடு ஆள்களை மல்லுக்கட்ட விடக் கூடாது என்று அதிகாரிகளிடம் வாதாடியவர் ஆபரேட்டர்தான். புதிய கருவிகள் வந்தன. நகரத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே எல்லா லைனையும் இயக்கலாம். கம்பியில் மரக்கிளை உரசினால் கருவியே அணைத்து, தானே மறுபடி போட்டுப் பார்க்கும். நிலையத்தில் ஆள் தேவையில்லை. ஆபரேட்டரை நகரத்துக்கு மாற்றினார்கள்.

சொல்லிக்கொண்டு போக அவர் மாடிக்கு வந்தார்.

"நான் கிளம்புறேன் அண்ணி. மாத்தலாகிடுச்சு."

"போயிட்டு வாங்க தம்பி. எங்க இருந்தாலும் எங்களை மறந்துடாதீங்க. அந்தக் கண்ணடிப்பை நம்பித்தான் நான் தூங்குறதே."

இனிமேல் அது இருக்காது என்று சொல்லத்தான் வந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "மறப்பேனா அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இரக்கத்தால்தான் சொல்லவில்லை. ஆனால் கசப்பான ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டுப்போகிற இரக்கம் பாதி இரக்கம்தான். மீதிக்குக் கடவுள்தான் துணை.

சில வாரங்களில் அந்த அம்மாள் இறந்துபோன செய்தி வந்தது. ஆபரேட்டர் லீவு போட்டுவிட்டு ஓடிவந்தார்.

தையல்காரர் தைக்காமல் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள்.

"வாப்பா. அன்னைக்கு மத்தியானம் கரண்டு போச்சு. சிலிண்டரைத் திறந்தா அதுல ஒண்ணுமே இல்ல. அவளைக் கீழ தூக்கிட்டு வந்து வண்டி பிடிச்சேன். வழியிலேயே..." அவர் துணியை நீவிவிட்டுக்கொண்டார். "எப்படித் தீர்ந்துச்சுன்னே புரியல. நீ கண்ணடிக்கும்போதெல்லாம் மாத்திட்டுத்தான் இருந்தேன். காத்துட்டிருப்போம். கரண்டு போகாது. திரும்ப மெஷினுக்கு மாத்துவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை! அன்னைக்குக் காலையிலகூட மின்னிச்சு. 'பாத்தீங்களா, தம்பி அங்க போயும் மறக்கல'ன்னு சிரிச்சா."

ஆபரேட்டருக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு மினுக்கலுக்கும் சிலிண்டரில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகியிருக்கிறது. கிளை உரசியதால் வந்த மினுக்கலை அவருடைய கண்ணடிப்பு என்று நினைத்து, அந்த அம்மாள் மூச்சைச் செலவழித்திருக்கிறாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் சிரிப்பாவது தையல்காரருக்கு மிஞ்சட்டுமே என்று நினைத்தார்.

"அந்த மெஷினும் சிலிண்டரும் வீணாகக் கூடாதில்ல?" என்றார் தையல்காரர். "எதிர்வீட்டு டீச்சரம்மா அப்பாவுக்கு இதே வியாதி. கொடுத்துட்டேன். சிலிண்டரையும் நிரப்பி வெச்சேன். விளக்கு ஒருதரம் மின்னினா உடனே மாத்திடணும்னு நல்லாச் சொல்லிக்கொடுத்திருக்கேன்."

ஆபரேட்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, அது நான் இல்லண்ணே."

"எது?"

"கண்ணடிச்சது. நான் போனப்புறம் யாரும் கண்ணடிக்கல. கம்பியில கிளை உரசினா புதுக் கருவி தானா அணைச்சு, தானா போட்டுக்குது. நிஜமா நிறுத்துறப்போ ஒண்ணுமே சொல்லாது. அன்னைக்கு அண்ணிகிட்ட சொல்ல வந்தேன். சொல்லாமப் போயிட்டேன்."

தையல்காரர் அவரைப் பார்க்கவில்லை. மடித்த கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அவ சிரிச்சது?" என்றார்.



தையல்காரர் எழுந்தார். அடிப்பார் என்றே ஆபரேட்டர் நினைத்தார். அடித்திருந்தால் ஆறுதலாகவும் இருந்திருக்கும். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, தரையில் இருந்தவரிடம் கையை நீட்டினார்.

"எந்திரி. அந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்பாது, அவ்வளவு அழுத்திச் சொல்லிக்கொடுத்திருக்கேன்."

இருவரும் தெருவைக் கடக்கையில் கடைகளின் விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. தையல்காரர் ஓடத் தொடங்கினார். எதிர்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே பெரியவரின் கட்டிலருகே குனிந்திருந்த டீச்சர் நிமிர்ந்து, பெருமையாகச் சிரித்தாள்.

"பாத்தீங்களா அங்கிள், மின்னின உடனே மாத்திட்டேன்!"

"மெஷினுக்கே மாத்திடும்மா" என்றார் தையல்காரர், மூச்சு வாங்க. "அது யாரும் இல்ல."