கிணற்றுக்குப் புரிந்த பேச்சு

வண்டிக்காரர்கள் வந்து இறங்கிய வருடம், ஊர்க் கிணறு பழைய பேச்சில் கேட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. வாளியை இறக்கும்போது வண்டிக்காரர்களின் சொல்லில் 'தண்ணீர்' என்றால் தளும்பி வரும். பழைய சொல்லில் என்றால் காய்ந்தே வரும். புல்வெளிகளுக்கு அப்பாலிருந்து குதிரையும் சக்கரமும் மந்தையுமாக வந்தவர்கள் அவர்கள். கூடவே ஒரு காய்ச்சலும் வந்து ஊரில் பாதியை வாரிக்கொண்டு போனது. பேச்சை மாற்றச் சொல்லி யாரும் யாரையும் அடிக்கவில்லை. தொண்டை வறண்டால் நாக்கு தானாக வளையும். புதுச் சொல் ஒன்று வாயில் ஏறினால், பழையது ஒன்று பால்பல்லைப் போல விழுந்தது. காலையில் வாசல் கூட்டும் பெண்கள் அவற்றையும் குப்பையோடு தள்ளினார்கள்.

பானைக்காரி மட்டும் வளையவில்லை. மழைத்தண்ணீரைப் பானைகளில் பிடித்துக் குடித்தாள்; மழைக்கு இன்னும் புதுப் பேச்சு வந்திருக்கவில்லை. வீம்பு என்றார்கள். காரணம் வேறு. காய்ச்சலில் போன அவள் புருஷன் பொழுது சாயும்போது வந்து சூளையோரம் குந்துவான்.

"மண்ணுல மணல் கூடிப்போச்சு பாரு."

"செத்தும் உனக்கு வாய் அடங்கல" என்பாள் இவள்.

இறந்தவர்களுக்குப் புதுப் பேச்சு படியாது என்பது ஊரறிந்த விஷயம்.

மகள், சக்கரம் செய்யும் வண்டிக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். நல்லவன்தான். சில வருடங்களில் மகளிடம் ஒரு பழைய சொல்லும் மிச்சமில்லை. அம்மா பேசினால் உதடு அசைவது மட்டும் தெரியும். தாய்க்குப் புதுப் பேச்சு புரியும், வாயால் தொடமாட்டாள். சைகையிலேயே காலம் தள்ளினார்கள்.

மகளுக்கு இடுப்புவலி கண்ட அன்று பிள்ளை குறுக்கே கிடந்தது. அதைத் திருப்பப் பானைக்காரியின் விரல்களுக்குத் தெரியும். ஆனால் மகளோ கண்ணை இறுக மூடிக்கொண்டு முக்கினாள். சைகையை எங்கே பார்ப்பது? "முக்காதேடி" என்று தாய் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ரத்தம் பாயைத் தாண்டிப் பட்டறையின் மரச்சீவல்களை நனைத்தது. மருமகன் வாசற்படியில் மண்டியிட்டான்.

"அத்தை, எங்க பேச்சுல ஒரே ஒரு வார்த்தை. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. உங்க குரலைத்தான் தேடுறா."

அவள் சொன்னாள். பொறு என்றாள். மூச்சு விடு என்றாள். என் கண்ணு, என் தாயி, இப்போ முக்கு என்றாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய சொல் மடியில் விழுந்தது. பிறகு அவிழ்ந்த மூட்டைபோல மீதியும் கொட்டியது. குனிந்து பார்க்க நேரமில்லை. பிள்ளை பிறந்தது. மகள் பிழைத்தாள்.

மறுநாள் பொழுது சாயப் புருஷன் வந்தான். ஏதோ சொன்னான். திரும்பவும் சொன்னான். பிறகு, காது மந்தமானவளிடம் பேசுவதுபோலக் குரலை உயர்த்தினான்.

"நமக்குப் பேரன் பொறந்திருக்கான்யா" என்றாள் அவள், வண்டிக்காரர்களின் பேச்சில்.

அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்காக அவன் வராமல் இருந்துவிடவில்லை. ஊரில் இறந்த எல்லோருமே வந்துகொண்டுதான் இருந்தார்கள். தெருவில் நின்று தங்கள் வீட்டாரிடம் என்னவோ கேட்டார்கள். வீட்டார் தலையாட்டி வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் குதிரைகளுக்கும் பழகிவிட்டது. இறந்தவர்கள் நிற்கும் இடங்களில் வண்டியைச் சற்று ஒதுக்கி இழுத்துக்கொண்டு போயின.