மூன்றாவது கட்டை

தாய் ஷரபுன்னிசாவின் மடியில் கிடந்த ஜீனத், எச்சிலை விழுங்க முடியாமல் கடைவாயில் வழியவிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வயதுக் குழந்தை. ஷரபுன்னிசா தலைத்துணியில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிப் பாயில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிய நேரத்தில் அது குழந்தையின் வாய்க்குள் போய்த் தொண்டையில் சிக்கிவிட்டது. வாய் திறந்த ஊக்கு. நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் பின்புறச் சந்தில் முழங்காலளவு மழைத்தண்ணீர் ஓடியது; ஜட்கா வண்டி எதுவும் உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் குலுக்கலில் ஊக்கு இன்னும் கீழே இறங்கிவிடும் என்று, அடுத்த வீட்டு நர்ஸ் ரோசம்மாள்தான் தடுத்தாள். தடுத்த பிறகு, இனி எது நடந்தாலும் தன்னால்தான் என்பது அவளுக்கு உறைத்தது.

நடுப்பகலிலேயே வீடு இருண்டு கிடந்தது. அரிக்கேன் விளக்கின் வெளிச்சம் நாக்கோடு நின்றுவிட்டது. ரோசம்மாளிடம் தொண்டை பார்க்கிற பேனா டார்ச் ஒன்று இருந்தது. யுத்தத்துக்கு முன் அவளுடைய அண்ணன் ரங்கூனிலிருந்து கொடுத்தனுப்பியது. சுண்டுவிரல் பருமனுள்ள பாட்டரிக் கட்டைகள்தான் அதற்குள் போகும். கப்பல் நின்றதிலிருந்து திருச்சியில் எந்தக் கடையிலும் அந்த அளவு கிடைக்கவில்லை. உள்ளே இருந்த இரண்டும் செத்துப்போயிருந்தன. குழந்தையின் தகப்பன் ஹனீஃபா தன் பெரிய டார்ச்சைக் கொண்டுவந்தான். அதில் மூன்று தடித்த கட்டைகள் இருந்தன, ஆனால் பல்பு எரிந்துபோயிருந்தது. பேனா டார்ச்சின் பல்பை அதில் வைத்துப் பார்த்தார்கள். துளைக்குள் நிற்காமல் நழுவி விழுந்தது.

ஹனீஃபா தகரப்பெட்டிக் கடைக்காரன். வீட்டில் கிடந்த செம்புக் கம்பியைச் சிறிய பல்பின் கழுத்தில் சுற்றி, இரண்டு தடித்த கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் காகிதத்தில் உருட்டி, கம்பியின் மறுமுனையை அடியில் தொடவைத்து, உச்சியில் பல்பை அழுத்தினான். எரிந்தது. பழைய கட்டைகள், வெளிச்சம் செம்மண் நிறத்தில் மங்கலாக வந்தது. ரோசம்மாள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். உலோகம் மின்னியது தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதையும் சேர்க்கச் சொன்னாள்.

"மூணு கட்டைய இந்தப் பல்பு தாங்காது, நர்ஸம்மா. போயிடுச்சுன்னா நம்மகிட்ட வேற ஒண்ணுமே இல்ல."

"போகட்டும் பாய். முனை எந்தப் பக்கம்னு தெரியாம இழுத்தா தொண்டை கிழிஞ்சிடும்."

ஹனீஃபா அசையவில்லை. ஷரபுன்னிசா குழந்தையை அவன் மடிக்கு மாற்றினாள். அவன் கையிலிருந்த விளக்கை வாங்கி, மூன்றாவது கட்டையைத் தானே எடுத்து அடியில் வைத்து, கம்பி முனையை அதன்கீழ் அழுத்தினாள்.

"நான் புடிச்சுக்குறேன். நீங்க பாருங்க."

பல்பு வெள்ளையாகச் சீறி எரிந்தது. சிவந்த தொண்டை முழுவதும் ஒரேயடியாகத் தெரிந்தது. ஊக்கின் முனை மேல்நோக்கி, வலப்பக்கச் சதையில் ஏறியிருந்தது. நேராக இழுத்தால் இன்னும் ஏறும். ரோசம்மாள் இடுக்கியை உள்ளே விட்டு, முதலில் அதைக் கீழே தள்ளினாள். குழந்தை திமிறியது. ஹனீஃபா கண்ணை மூடிக்கொண்டான். சதையிலிருந்து விடுபட்ட முனையை இடுக்கி கவ்விய நொடியில் பல்பு அணைந்தது.

அவள் கையை நிறுத்தினாள். கவ்வியது முனைதானா என்று விரல்கள்தான் சொல்ல வேண்டும். அரிக்கேன் வெளிச்சத்தில் தொண்டை மறுபடி இருட்டாகிவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தாள்.

ஊக்கு பித்தளைத் தட்டில் விழுந்தது. பின்னால் சிறிது ரத்தம் வந்தது. பிறகுதான் ஜீனத் வீறிட்டு அழுதாள்.

ராத்திரி காய்ச்சல் கண்டால் தண்ணீர் வடிகிறதோ இல்லையோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று ரோசம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹனீஃபா தலையை ஆட்டினான். அணைந்த பல்பின் சூட்டில் ஷரபுன்னிசாவின் கட்டைவிரல் சிவந்து கொப்புளித்திருந்தது. அவள் குழந்தையையே பார்த்துக்கொண்டு, மூன்று கட்டைகளையும் இன்னும் விடாமல் அழுத்திப் பிடித்திருந்தாள்.