துரு நிறத்தில் ஒரு பாட்டில்

கீழே வருவதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. தலையில் அடித்துச் சத்தியம் செய்யத் தயார். யார் தலை என்பதை மட்டும் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

அச்சகத்தில் பிழை திருத்தும் அந்த மனிதரை எல்லோரும் கமா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வீட்டுச் செருப்பு அலமாரியில் செருப்புக்கு இடமில்லை. பதினெட்டு மை பாட்டில்கள் குடியிருந்தன. பத்தொன்பதாவது வந்தால் அவருடைய கறுப்புப் பேனா தன் தம்பிக்குப் போய்விடும் என்று மனைவி தீர்ப்புச் சொல்லியிருந்தார். மச்சான் கைக்குப் போன பேனா என்ன பாடுபடும் என்று கமாவுக்குத் தெரியும். முன்பு கொடுத்த ஒன்றால் பைக் செயினில் அழுக்கு எடுத்த மகராசன் அவர்.

இருந்தும் பத்தொன்பதாவது வந்தது, மடக்கிய குடைக்குள் ஒளிந்துகொண்டு.

குளியலறையைத் தாழிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் காகிதத்தை விரித்தார் கமா. பேனாவுக்கு வயிறு முட்ட மை குடிக்கக் கொடுத்தார். நிப்பைத் துடைத்தார். எந்த மையானாலும் முதலில் எழுதிப்பார்க்கும் அதே வாக்கியத்தை எழுதினார்: ‘இதுதான் கடைசி பாட்டில்.’ அடடா! கோடு ஓடிய இடமெல்லாம் இளம் செம்பழுப்பு. பேனா நின்று திரும்பிய வளைவுகளில் மழையில் கிடந்த ஆணியின் நிறம். ஆசை அடங்காமல் நாலு தரம் எழுதினார்.

“என்னங்க, உள்ள உயிரோடதான் இருக்கீங்களா?”

பதறிப்போனவர் பாட்டிலை இடுப்பில் செருகினார். நிப்பை வாஷ்பேசினில் கழுவினார். காகிதத்தை மென்று விழுங்கினார். கதவைத் திறந்தபோது வெள்ளை பேசின் முழுக்கச் செம்பழுப்பு.

“இதென்னங்க கண்றாவி?”

“துரு,” என்றது வாய், அவரைக் கேட்காமலே. “குழாய் துருப்பிடிச்சுப் போச்சு.”

மனைவி பேசினைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். மறுபடி பேசினைப் பார்த்தார்.

“அப்படியா? அப்போ பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான்.”

அதற்குள் சேதி கேள்விப்பட்ட கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்து, இரும்புச்சத்தை வீணாக்குவானேன் என்று பேசினில் தேங்கியதில் அரை டம்ளர் குடித்துவிட்டார். அன்றிலிருந்து மாடிப்படியை மும்மூன்றாகத் தாவுகிறார். தும்மினால் மட்டும் கைக்குட்டையில் ஒரு காற்புள்ளி விழுகிறது.

பிளம்பர் வந்தார். கறையை விரலால் தொட்டு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவி அடுப்பை அணைக்கப் போன நேரம் பார்த்து, காதோடு கேட்டார்:

“நல்ல கலரு சார். எந்தக் கடையில வாங்கினீங்க?”

கமா குளியலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். “தம்பி, நீங்களுமா?”

“என்கிட்ட முப்பத்தொண்ணு இருக்கு சார். வீட்டுல பைப் ஒட்டுற பசைன்னு சொல்லிவெச்சிருக்கேன்.”

பாதி மை அங்கேயே கைமாறியது. மனைவி திரும்பியதும் பிளம்பர் முகத்தை எழவு வீடாக்கிக்கொண்டார்.

“துருதாம்மா. முத்தின துரு. கையை வெச்சா குழாயே உடைஞ்சிரும். பத்து நாள் விட்டா தானா அடங்கிடும்.”

“அதுவரைக்கும்?”

“இந்தத் தண்ணியைத் தொடவே கூடாதும்மா.”

“கேட்டுக்கிட்டீங்களா?” மனைவி இரண்டு வாளிகளைப் புருஷன் முன்னால் வைத்தார். “தெருமுனைக் குழாய்ல நல்ல தண்ணி வருதாம். போயிட்டு வாங்க.”

வீடு நாலாவது மாடி. நாளுக்குப் பதினாறு வாளி. பதினோராம் நாள் கமாவால் குனியாமலே செருப்பு வாரை மாட்ட முடிந்தது. கை அவ்வளவு நீண்டிருந்தது. ஆனாலும் கறுப்புப் பேனா அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் வாளியை இறக்கி, பேனாவைத் தொட்டுப் பார்த்து, பெண்டாட்டி கண்ணில் மண்ணைத் தூவிவிட்டோம் என்று தனக்குத்தானே சிரித்துக்கொள்வார்.

அந்த வீட்டில் இருப்பது அத்தனையும் பிளாஸ்டிக் குழாய். போன வருஷம் கடைக்குப் போய் அளவு சொல்லி வாங்கி வந்தவர் மனைவி.