கழுத்து வரை தெய்வம்

ஜோசிமஸின் சிற்பக்கூடத்தில் உடம்புகள் வரிசையாக நின்றன. வீனஸ், தயானா, மினர்வா என்று எல்லாம் பெண் தெய்வங்கள். எதற்கும் தலை இல்லை. கழுத்தில் ஒரு குழி மட்டும். செத்தவர்களின் முகத்தைச் செதுக்கி அதில் பொருத்தித் தருவதுதான் ரோமாபுரியின் துறைமுகமான ஆஸ்தியாவில் அவன் தொழில்.

நெபிலியின் கணவன் ஃபௌஸ்தஸ் துணியைப் பிரித்து மெழுகு அச்சு ஒன்றை நீட்டினான். காய்ச்சலில் போன மகள் திமேலியின் முகம். நெபிலி அதைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த உளியையும் அப்படியேதான் பார்த்தாள்.

"வீனஸ் வச்சிடலாமா? எல்லாரும் அதைத்தானே வைக்கிறாங்க," என்றான் ஃபௌஸ்தஸ்.

"நேத்து ஒரு கிழவிகூட வீனஸ்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா," என்றான் ஜோசிமஸ். "உங்க பொண்ணு கல்யாணம் ஆகாதவ. கன்னித் தெய்வம் தயானா இருக்கட்டும். கிரேக்கத்துப் பழைய வெண்கலச் சிலையோட சாந்து அச்சைப் பார்த்துச் செஞ்சது. அந்தச் சிலையை நானும் பார்த்ததில்ல, எங்கப்பனும் பார்த்ததில்ல. ஆனா அளவு பிசகாது."

தயானா ஓடும் வாக்கில் நின்றாள். காலை ஒட்டி அதே கல்லில் ஒரு மரக்கட்டை செதுக்கப்பட்டிருந்தது.

"அது என்ன?" என்றாள் நெபிலி.

"முட்டும்மா. வெண்கலம் தானா நிக்கும். கல்லு முட்டு இல்லன்னா கணுக்கால்ல ஒடிஞ்சிடும். கண்ணை உறுத்துதுன்னா வேட்டை நாயா மாத்திடறேன். வேட்டைக்காரி தயானாவுக்குப் பொருத்தம்தான்."

"நல்லா இருக்குமே," என்றான் ஃபௌஸ்தஸ்.

"நாய் வேண்டாம். அவளுக்கு நாய்னா பயம்."

ஃபௌஸ்தஸ் திரும்பினான். "நம்ம திமேலிக்கா? எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"உங்ககிட்ட காட்டிக்கமாட்டா."

அவன் மூலையில் கிடந்த கல்லில் உட்கார்ந்து அழுதான். முடிக்கட்டும் என்று நெபிலி நின்றாள். வெளியே மீன்காரன் கூவிக்கொண்டு போனான். கொஞ்சம் வாங்க வேண்டும் என்று நினைத்தாள்.

அறுவடை முடிந்த சமயத்தில் கல்லறைச் சாலையில் சிலையை நிறுத்தினார்கள். முட்டு கட்டையாகவே இருந்தது.

"அச்சு அசல் அவளேதான்டி," என்று பக்கத்து வீட்டு ஹெல்பிஸ் மூக்கைச் சிந்தினாள்.

"ஆமாம்," என்றாள் நெபிலி. முகம் காய்ச்சலில் வற்றிய முகம். கழுத்துக்குக் கீழே தோளும் தொடையும் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த யாருடையவோ.

"நீயும் ஒரு தடவை தொட்டுப் பாரேன்," என்றான் ஃபௌஸ்தஸ்.

எட்டிக் கன்னத்தைத் தொட்டாள். சுட்டது. கை தானாக நகர்ந்து நெற்றியையும் தொட்டுப் பார்த்தது. அழுகை வருமோ என்று சற்று நின்றாள். வரவில்லை.

"சுடுது," என்றாள்.

"வெயில்," என்றான் அவன்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.