அரை ஏக்கர் ஆரஞ்சுச் சோளம்

கண்ணுக்கு நல்லது என்று வைட்டமின் சத்து கூட்டிய ஆரஞ்சுச் சோளத்தை வேளாண்மை அலுவலகம் இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தது. ஒரே விதை, ஒரே உரம். நாற்பது ஏக்கர் பண்ணையில் ஏக்கருக்கு இருபத்திரண்டு மூட்டை விளைந்தது. அரை ஏக்கர்க்காரியிடமோ பதினைந்து மூட்டை! அப்படியென்றால் ஏக்கருக்கு முப்பது.

அளக்க வந்த அதிகாரிக்குத் தலை சுற்றியது. தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தார். டேப்பைப் பிடித்து நான்கு வரப்பையும் சுற்றி வந்தார். அரை ஏக்கரேதான்.

"என்னம்மா மாயம் பண்ணுனீங்க?"

"மாயமா? முளைக்காத குழியில எல்லாம் அஞ்சாம் நாளே மறுபடி விதை போட்டேன். அந்தப் பண்ணையில டிராக்டரை விட்டு இறங்கி யாரு குழி குழியாப் பார்ப்பாங்க?"

கதிர் அறுத்த தட்டைகள் வரிசை பிசகாமல் நின்றன. வரிசையில் ஒரு குழிகூடக் காலியில்லை. அதிகாரி நோட்டைத் திறந்தார்.

"முப்பதுன்னு எழுதிக்கிறேன்மா."

"இருங்க சார்!" அவள் முறைத்தாள். "வரப்புக்கு வரப்பு அளந்தீங்களே, நடுவுல இருக்குற என் வீட்டையும் மாட்டுக்கொட்டகையையும் கழிச்சீங்களா? கூரை மேலயா சோளம் போட்டேன்?"

முப்பதையே நம்ப முடியாமல் நின்ற மனிதர், இன்னும் ஏறப்போகும் கணக்கை நினைத்தபடி, டேப்பின் முனையைப் பக்குவமாக அவள் வீட்டுச் சுவரில் வைத்தார்.